கேஷ்பேக் யாருடைய பணம்?

வட்டியை ஹராம் என்று நம்புகிற ஒருவர், மாதம் தவறாமல் முழுப் பாக்கியையும் கட்டிவிடும் உறுதியோடு ஒரு கிரெடிட் கார்டை வாங்கி, அது தரும் கேஷ்பேக்கை எடுத்துக்கொள்ளலாமா? என் மகள் கேட்ட கேள்வி இது. அவளுக்குச் சென்னையில் மென்பொருள் வேலை. சம்பளக் கணக்கு இருக்கும் வங்கியிலிருந்து ஓயாமல் அழைக்கிறார்கள். கூட வேலை பார்க்கும் பிள்ளைகள் மளிகைக்கு ஒன்று, பெட்ரோலுக்கு ஒன்று, ஆன்லைனுக்கு ஒன்று என்று கார்டுகளைப் பிரித்து வைத்திருக்கிறார்களாம். "வட்டி நான் ஒரு பைசா கட்டப் போறதில்லை வாப்பா. வாங்கப் போறதுமில்லை. செலவு செய்யிற காசுல கொஞ்சம் அவங்களா திருப்பித் தர்றாங்க. இதுல என்ன தப்பு இருக்கு?" என்றாள்.

நான் ஆலிம் இல்லை. பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைப் பக்கம் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். என் மேசையில் ஸ்வைப் மிஷின் இருக்கிறது. கார்டை நீட்டுகிறவருக்கு எதிர்ப்பக்கம் நிற்கிறவன் நான். மகளின் கேள்வியை நான் அங்கே நின்றுதான் யோசித்தேன்.

மார்க்க அறிஞர்கள் சொன்னதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜித்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி, 2000 செப்டம்பரில் ரியாதில் கூடியபோது இதைப் பற்றித் தெளிவாகவே தீர்மானம் போட்டது. தாமதித்தால் வட்டி உண்டு என்ற நிபந்தனை ஒப்பந்தத்தில் இருந்தால், கணக்கில் நம் பணம் இல்லாமல் கடனாக இயங்கும் அப்படிப்பட்ட கார்டை வழங்கவும் கூடாது, பயன்படுத்தவும் கூடாது. இலவசத் தவணைக்குள் கட்டிவிடும் எண்ணம் வாங்குபவருக்கு இருந்தாலும் சரி. வட்டி நிபந்தனை இல்லாத கார்டுக்குத் தடை இல்லை. வங்கி கடைக்காரரிடம் கமிஷன் வாங்கலாம். ஆனால் கார்டுக்கு ஒரு விலை, ரொக்கத்துக்கு ஒரு விலை என்று இருக்கக் கூடாது.

இதற்கு மாறாகச் சொல்லும் அறிஞர்களும் இருக்கிறார்கள். பரீரா என்ற அடிமைப் பெண்ணை வாங்கி விடுதலை செய்ய ஆயிஷா (ரலி) விரும்பியபோது, விற்பவர்கள் மார்க்கத்துக்கு ஒவ்வாத நிபந்தனை ஒன்றைப் போட்டார்கள். நபி (ஸல்) அவர்கள் வாங்கச் சொன்னார்கள், அந்த நிபந்தனையைச் செல்லாது என்று அறிவித்தார்கள். அதைப்போல, செல்லாத நிபந்தனை ஒன்று தாளில் இருப்பதாலேயே ஒப்பந்தம் முழுதும் கெட்டுவிடாது, அந்த நிபந்தனை தன் மேல் பாயாதபடி நடந்துகொள்பவர் பயன்படுத்தலாம் என்பது அவர்கள் வாதம். மின்கட்டணம், கல்லூரிக் கட்டணம் எல்லாவற்றிலும் தாமதக் கட்டணம் எழுதித்தானே இருக்கிறது என்றும் கேட்கிறார்கள். நம் நாட்டில் இஸ்லாமிய வங்கி என்று ஒன்று இல்லை. அப்படி ஒன்றைக் கொண்டுவரும் யோசனையை மேற்கொண்டு எடுத்துச் செல்லப்போவதில்லை என்று 2017இல் ரிசர்வ் வங்கியே சொல்லிவிட்டது. மலேசியாவில் இருப்பவருக்குக் கிடைக்கும் வட்டி நிபந்தனையற்ற கார்டு மேலப்பாளையத்தில் இருப்பவருக்குக் கிடைக்காது. இந்த நிலைமையையும் கணக்கில் எடுத்துத்தான் சிலர் சலுகை தருகிறார்கள்.

என் மனம் ரியாத் தீர்மானத்தின் பக்கமே சாய்கிறது. டெபிட் கார்டும் யுபிஐயும் இருக்கும்போது, அன்றாடச் செலவுக்குக் கிரெடிட் கார்டு இல்லாமல் முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அவள் படித்தவள், தன் சம்பளத்துக்குத் தானே பொறுப்பானவள். தான் நம்பும் அறிஞர் ஒருவரிடம் கேட்டு நடந்தால் நான் குறுக்கே நிற்க முடியாது. நான் அவளோடு பேச விரும்பியது ஒப்பந்தத்தைத் தாண்டிய ஒரு விஷயம். பெரும்பாலான ஃபத்வாக்கள் அதை ஒன்றிரண்டு வரியில் கடந்துவிடுகின்றன.

கேஷ்பேக்கை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால், அது வட்டி இல்லை என்பதில் அறிஞர்களுக்குள் பெரிய சண்டை கிடையாது. கடன் கொடுத்தவர் அந்தக் கடனால் அடையும் ஆதாயம்தான் வட்டி. இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) தம்மிடம் கடன் வாங்கியவருடைய சுவரின் நிழலில் நிற்கக்கூட மறுத்தார் என்று சொல்லப்படும் செய்தியை நாங்கள் மதரஸாவில் சிறு பிள்ளைகளாக இருந்தபோதே கேட்டிருக்கிறோம். கேஷ்பேக்கில் ஆதாயம் எதிர்த் திசையில் போகிறது. கடன் கொடுத்த வங்கி, கடன் வாங்கிய ஆளுக்குக் கொடுக்கிறது. அதனால் இதை ஹிபா, அதாவது அன்பளிப்பு என்றோ, கடையிடம் வாங்கிய கமிஷனில் ஒரு பங்கை விட்டுக்கொடுப்பது என்றோ கொள்கிறார்கள். எங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத்தும் இதையேதான் சொன்னார்.

சரி, அன்பளிப்பு என்றே இருக்கட்டும். அன்பளிப்பு கொடுப்பவருடைய கைக்கு அந்தக் காசு எங்கிருந்து வந்தது?

என் கடையிலிருந்து வந்தது. இதை நான் கணக்காகவே காட்ட முடியும். விலைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள மருந்துகளுக்கு உச்ச விலை நிர்ணயிக்கும்போது, சில்லறைக் கடைக்கென்று 16 சதவீதம் சேர்க்கச் சொல்கிறது 2013ஆம் ஆண்டின் மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணை. வரியை விட்டுவிட்டுப் பார்ப்போம். 100 ரூபாய்க்கு வாங்கிய மருந்தை 116க்கு விற்கலாம். பக்கத்தில் இருக்கும் சங்கிலிக் கடையோடு போட்டி போட்டு 10 சதவீதம் தள்ளுபடி கொடுத்தால் கைக்கு வருவது 104 ரூபாய் 40 காசு. மிச்சம் 4 ரூபாய் 40 காசு. வாடிக்கையாளர் கிரெடிட் கார்டைத் தேய்த்தால், சுமார் 2 சதவீதம் என்று வைத்துக்கொண்டாலும் 2 ரூபாய் 9 காசு வங்கிகளுக்கும் கார்டு நிறுவனத்துக்கும் போய்விடும். அந்தக் கமிஷனுக்கு ஜிஎஸ்டி வேறு. கடை வாடகை, கரண்ட், மருந்தாளுநர் சம்பளம் எல்லாவற்றுக்கும் இருந்த நான்கு ரூபாய்ச் சொச்சத்தில் பாதி அந்த ஒரு தேய்ப்பில் போகிறது. அச்சிட்ட விலைக்கு மேல் ஒரு ரூபாய் கேட்க முடியாத வியாபாரம் இது. வேறு யார் தலையிலும் நான் அதை ஏற்றிவைக்க முடியாது. அதே ஆள் தன் வங்கிக் கணக்கிலிருந்து ஸ்கேன் செய்து கொடுத்தால் முழுப் பணமும் எனக்கு வருகிறது; யுபிஐக்கும் ரூபே டெபிட் கார்டுக்கும் 2020 ஜனவரி முதல் கடைக்காரரிடம் கமிஷன் வாங்கக் கூடாது.

துணிக்கடைக்காரர், ஓட்டல்காரர் நிலைமை வேறு. அவர்கள் விலையைக் கொஞ்சம் கூட்டிவைத்துச் சமாளிக்கலாம். அப்படிக் கூட்டிய விலையை, கார்டே பார்க்காத கூலித் தொழிலாளியும் ரொக்கமாகக் கொடுக்கிறார். அமெரிக்காவில் பாஸ்டன் ஃபெடரல் ரிசர்வ் வங்கியின் பொருளியலாளர்கள் 2010இல் இதைக் கணக்கிட்டுப் பார்த்தார்கள். ரொக்கம் கொடுத்து வாங்கும் ஒரு குடும்பத்திடமிருந்து சராசரியாக ஆண்டுக்கு 149 டாலர் கார்டுக் குடும்பங்களுக்குப் போகிறது, கார்டு வைத்திருக்கும் ஒரு குடும்பம் ஆண்டுக்கு 1,133 டாலர் பெறுகிறது என்று வந்தது. கார்டுக்காரர்கள் பொதுவாக வசதி கூடியவர்கள். இருப்பவரிடமிருந்து எடுத்து இல்லாதவருக்குக் கொடுப்பது ஜகாத். இங்கே ஓட்டம் தலைகீழாக இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2015 டிசம்பரில், கிரெடிட் கார்டு கொடுத்த வங்கிக்குக் கடைப் பக்கத்திலிருந்து போகும் பங்கை 0.3 சதவீதத்துக்குள் அடக்கியது. அதன் பிறகு அங்கே தாராளமான கேஷ்பேக் கார்டுகள் அருகிப்போயின. காசு எங்கிருந்து வந்துகொண்டிருந்தது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று எனக்குத் தெரியவில்லை.

கடைக்காரன் நஷ்டம் பெரிய விஷயமில்லை என்று மகள் சொல்லலாம். வேண்டுமென்றால் மிஷினை எடுத்துவிடுங்கள் என்றும் சொல்லலாம். அதில் நியாயம் இருக்கிறது. நான் ஒப்புக்கொண்டுதான் மிஷின் வைத்திருக்கிறேன், வியாபாரத்தில் இருவரும் மனம் ஒப்பிக் கொடுத்து வாங்குவதை மார்க்கம் அனுமதிக்கிறது. என்னை உறுத்துவது இரவில் கார்டை நீட்டுகிறவர்கள்.

மருத்துவமனைக்கு எதிரே கடை வைத்திருப்பவருக்கு இவர்களை நன்றாகத் தெரியும். தென்காசிப் பக்கமிருந்தோ தூத்துக்குடிப் பக்கமிருந்தோ ஆம்புலன்சில் வந்திருப்பார்கள். டாக்டர் எழுதிய சீட்டில் விலை கூடிய ஊசி மருந்து இருக்கும். கையில் பணம் இருக்காது, பையில் கார்டு இருக்கும். பிரித்துப் பிரித்து இரண்டு கார்டில் தேய்ப்பவர்கள் உண்டு. "இதுல லிமிட் இருக்கா பாருங்க அண்ணாச்சி" என்று நீட்டுவார்கள். அடுத்த மாதம் பில் வரும்போது அவர்கள் முழுசாகக் கட்ட மாட்டார்கள், கட்ட முடியாது. மினிமம் டியூ என்று போட்டிருக்கும் சிறு தொகையைக் கட்டுவார்கள். அந்த மாதிரி மட்டும் கட்டிக்கொண்டிருந்தால் கடன் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் இழுக்கும் என்று பில்லிலேயே எச்சரிக்கை அச்சிட வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அச்சிடத்தான் செய்கிறார்கள்.

மாதத்துக்கு 3.5 சதவீத வட்டி என்று வையுங்கள். பல கார்டுகளில் இதுதான் அல்லது இதற்குக் கொஞ்சம் மேல். 50,000 ரூபாய் பாக்கி நின்றால் ஒரு மாத வட்டி 1,750 ரூபாய். வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி சேர்த்தால் 2,065. ஆண்டுக்கு 42 சதவீதம் வருகிறது. 30 சதவீதத்துக்கு மேல் வாங்குவது நியாயமற்ற வணிக நடைமுறை என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் சொல்லியிருந்தது. 2024 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்துவிட்டது. கந்துவட்டிக்காரரைப் பற்றிப் பேசினால் எங்கள் ஊரில் எல்லாரும் முகம் சுளிப்பார்கள். இந்த 42 சதவீதத்தைக் கண்டு யாரும் முகம் சுளிப்பதில்லை.

அதே 50,000 ரூபாயை இன்னொருவர் செலவு செய்து நாள் தவறாமல் கட்டுகிறார், 1 சதவீதம் கேஷ்பேக் வாங்குகிறார். அவருக்கு 500 ரூபாய். இரவில் கார்டை நீட்டிய நோயாளியின் மகன் ஒரு மாதம் கட்டத் தவறினால் வரும் வட்டியிலிருந்து மூன்று பேருக்கு இந்த 500ஐக் கொடுத்துவிட்டு வங்கி மீதியும் வைத்துக்கொள்ள முடியும். இந்த ரூபாயிலிருந்துதான் அந்த ரூபாய் போகிறது என்று யாரும் கோடு கிழித்துக் காட்ட முடியாது, எனக்குத் தெரியும். வங்கிக்குக் கடைக் கமிஷனும், ஆண்டுக் கட்டணமும், தாமதக் கட்டணமும், வட்டியும் ஒரே கல்லாவில்தான் விழுகின்றன. கல்லாவிலிருந்து எடுத்துக் கொடுக்கும்போது நோட்டில் பெயர் எழுதியிருப்பதில்லை. ஆனால் திருக்குர்ஆனில் வட்டியைத் தடுக்கும் வசனங்களை அடுத்தே, அல்பகரா 280ஆம் வசனத்தில், கஷ்டத்தில் இருக்கும் கடனாளிக்கு வசதி வரும்வரை அவகாசம் கொடுக்கும்படி சொல்லப்படுகிறது. கஷ்டத்தில் இருக்கும் கடனாளியின் பணம் கலந்த கல்லாவிலிருந்து, கஷ்டமே இல்லாத நான் அன்பளிப்பு வாங்குகிறேன் என்றால், என் ஒப்பந்தத்தில் வட்டி இல்லை என்று சொல்லி அதைத் தாண்டிப் போக எனக்கு முடியவில்லை.

இதை வைத்துக்கொண்டு கார்டுகளைப் பார்த்தால், எல்லாரும் தேர்ந்தெடுக்கும் வழி மாறிவிடுகிறது. கேஷ்பேக் சதவீதம் கூடக் கூட நல்ல கார்டு என்பார்கள். கடையிடமிருந்து வரும் கமிஷன் மொத்தமே 2 சதவீத அளவில்தான் இருக்கிறது. அதையும் மிஷின் வைத்த வங்கி, கார்டு நிறுவனம், கார்டு கொடுத்த வங்கி மூவரும் பங்கு போட வேண்டும். 1 சதவீதம் திருப்பித் தருவது அதற்குள் அடங்கும். 5 சதவீதம் அடங்காது. மீதி எங்கிருந்தோ வந்தாக வேண்டும். அமேசானின் பெயரில் ஐசிஐசிஐ வங்கி 2018 முதல் கொடுக்கும் கார்டு மாதிரி, ஒரு கடையோடு சேர்ந்து வரும் கார்டுகள் இருக்கின்றன. அந்தத் தளத்தில் பிரைம் உறுப்பினருக்கு 5, மற்றவருக்கு 3, வெளியே மற்ற இடங்களில் 1 சதவீதம்; ஆண்டுக் கட்டணம் கிடையாது. இப்படிப்பட்ட ஏற்பாட்டில் அந்தக் கடைக்கும் ஆதாயம் உண்டு, அதுவும் தெரிந்தே சேர்ந்திருக்கிறது. அதன் தளத்தில் கிடைக்கும் 5 சதவீதத்தைக் கடை தரும் தள்ளுபடியாக நினைக்க எனக்கு மனம் ஒப்புகிறது. எஸ்பிஐ கார்டு 2022இல் கொண்டுவந்த கேஷ்பேக் கார்டு வேறு வகை. எந்த ஆன்லைன் கடையில் வாங்கினாலும் 5 சதவீதம், மாத உச்சவரம்போடு. கடைகள் இதில் கூட்டாளிகள் இல்லை. செலவுக்காரரை மிகவும் கவர்வது இந்த வகைதான். எனக்கு அதிகம் தயக்கம் தருவதும் இதுதான். விதிகளும் சதவீதங்களும் மாறிக்கொண்டே இருக்கும். காசு எங்கிருந்து வருகிறது என்று கேட்கும் பழக்கம் மாற வேண்டியதில்லை.

இன்னொன்றும் சொன்னேன். ப்ரெலெக், சிமெஸ்டர் என்ற இரு பேராசிரியர்கள் அமெரிக்காவில் நடத்திய ஒரு சோதனையை 2001இல் வெளியிட்டார்கள். விளையாட்டுப் போட்டி டிக்கெட்டை ஏலம் விட்டபோது, கார்டில் கட்டலாம் என்று சொல்லப்பட்டவர்கள், ரொக்கம்தான் என்று சொல்லப்பட்டவர்களைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு கேட்டார்கள். 1 சதவீதம் திரும்ப வரும் என்பதற்காக 10 சதவீதம் கூடுதலாகச் செலவு செய்வது இஸ்ராஃப், வீண்விரயம். என் கடையிலேயே பார்க்கிறேன். மருந்தில் யாரும் கூடுதலாக வாங்குவதில்லை. முன்வரிசையில் இருக்கும் சத்து மாவு டப்பாவும் முகப்பூச்சும் கார்டுக்காரர்களிடம்தான் அதிகம் போகின்றன.

இதையெல்லாம் கேட்டுவிட்டு அவள் ஒன்று சொன்னாள். "நான் எடுக்கலைன்னா அந்தக் காசு நோயாளிக்கா திரும்பிப் போகும்? பாங்குகிட்டயேதானே இருக்கும் வாப்பா. வட்டி வாங்குறவங்ககிட்ட விட்டு வைக்கிறது மட்டும் நல்லதா?" இதைத் தட்டிவிட முடியாது. சேமிப்புக் கணக்கில் விழும் வட்டியை வங்கியிலேயே விட்டுவிடாமல் எடுத்து, நன்மையை எதிர்பார்க்காமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிடுங்கள் என்று நம் நாட்டு உலமாக்கள் பலர் சொல்வதற்கும் இதுவே காரணம். ஆனாலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. சேமிப்பு வட்டி நான் கேட்காமல் வருவது. சம்பளம் வாங்கக் கணக்கு இல்லாமல் முடியாது. கேஷ்பேக் நான் தேடிப் போய், நாலு கார்டை ஒப்பிட்டு, விண்ணப்பம் போட்டு வாங்குவது. தேடிப் போகும்போது பொறுப்பு கூடுகிறது.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தம் இஹ்யா நூலில் ஹலால் ஹராம் பற்றிய பகுதியில் பேணுதலுக்கு நான்கு படிகள் வைக்கிறார். ஃபத்வா தடுத்ததை விடுவது முதல் படி. சந்தேகமானதை விடுவது அடுத்தது. கூடும் என்றே இருந்தாலும் கூடாததில் கொண்டுபோய் விடுமோ என்று அஞ்சி விடுவது அதற்கும் மேலே. அல்லாஹ்வுக்காக அல்லாத எதையும் விட்டுவிடுவது கடைசி. இந்த அமைப்பில் எனக்குப் பிடித்தது, கீழ்ப்படியில் நிற்பவரைப் பாவி என்று அவர் தள்ளவில்லை. என் கேள்வி இரண்டாம் படிக்குரியது. அதை மகள் மேல் முதல் படிச் சட்டமாகச் சுமத்தினால் நான் வரம்பு மீறியவனாவேன். வட்டி சாப்பிடாதவர் மேலும் அதன் தூசி படியும் காலம் வரும் என்ற கருத்தில் ஒரு ஹதீஸ் உண்டு. அதன் அறிவிப்பாளர் தொடரில் பலவீனம் இருப்பதாகச் சொல்கிறார்கள். தொடர் எப்படியோ, அந்தக் காலத்தில்தான் நாம் இருக்கிறோம். தூசி படாத இடமே இல்லை என்பதால் தூசியை வாரிப் பூசிக்கொள்ளலாம் என்று ஆகாது. தூசிக்குப் பயந்து வீட்டை விட்டு வெளியே வராமல் இருப்பதும் ஆகாது.

கடைசியில் அவள் தனக்கு நம்பிக்கையான ஓர் ஆலிமிடம் கேட்டுவிட்டு, ஆன்லைன் கடை ஒன்றோடு சேர்ந்த, ஆண்டுக் கட்டணம் இல்லாத கார்டு ஒன்றை வாங்கினாள். லிமிட்டைச் சம்பளத்துக்குள் அடங்கும்படி குறைத்து எழுதிக் கொடுத்தாள். முழுப் பாக்கியும் தானாகப் போகும்படி ஆட்டோ டெபிட் போட்டாள். அதில் மினிமம் டியூ என்பதையே முதலில் காட்டும் படிவங்கள் உண்டு, மொத்த பாக்கியைத் தேர்ந்தெடுத்தாயா என்று பார்த்துக்கொள் என்று மட்டும் சொன்னேன். தெருக்கடையிலும் காய்கறி வண்டியிலும் கார்டு வேண்டாம், ஸ்கேன் செய்தே கொடு என்றும் சொன்னேன். ரூபே கிரெடிட் கார்டை யுபிஐயோடு இணைத்தால் ஸ்கேன் செய்வது போலவே தெரியும், பின்னால் கடன்தான் இருக்கும். அதை இணைக்காதே என்றேன்.

ஸ்வைப் மிஷினை எடுத்துவிடுவதா என்று நானும் யோசித்தேன். இரவில் வருகிறவருக்கு மருந்து வேண்டும், கையில் கார்டுதான் இருக்கிறது. எடுக்கவில்லை. ஆனால் பற்று நோட்டு ஒன்று வைத்திருக்கிறேன். என் வாப்பா காலத்திலிருந்தே கடையில் இருக்கும் வழக்கம் அது. வாரம் தவறாமல் டயாலிசிஸுக்கு வருகிறவர்கள், புற்றுநோய் சிகிச்சைக்கு மாதக்கணக்கில் தங்கியிருப்பவர்கள் கார்டை நீட்டினால், கட்ட முடியுமா என்று கேட்கிறேன். தயங்கினால் நோட்டில் எழுதிக்கொள்கிறேன். கடனை எழுதி வைக்கச் சொல்வதுதான் குர்ஆனிலேயே நீளமான வசனம். மொத்த வியாபாரி எனக்குக் கொடுக்கும் தவணை 21 நாள். அதற்கு மேல் நான் பிடித்து வைத்திருப்பது என் முதலிலிருந்து போகிறது. எல்லாருக்கும் கொடுக்க என்னால் முடியாது. முடிகிற அளவுக்குக் கொடுக்கிறேன். சிலது திரும்பி வருவதில்லை.

மகள் அந்த நோட்டைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறாள். ஆன்லைன் கடையில் வாங்கியதற்குக் கிடைக்கும் 5 சதவீதத்தைத் தள்ளுபடி என்று எடுத்துக்கொள்வதாகவும், வெளியிடங்களில் தேய்த்ததற்குக் கிடைக்கும் 1 சதவீதத்துக்கு ஈடான பணத்தைத் தன் கையிலிருந்து எடுத்து நோட்டுக்கு அனுப்புவதாகவும் சொன்னாள். அதை ஸதக்கா என்று நிய்யத் வைப்பதா, சேமிப்பு வட்டியைப் போலக் கழித்து விடுவதா என்று ஹஜ்ரத்திடம் கேட்டிருக்கிறேன். பார்த்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார். அதுவரை வருகிற பணத்தை நோட்டின் கடைசிப் பக்கத்தில் தனியாக வரவு வைத்துக்கொண்டு வருகிறேன்.